உண்பனவும் உயிர்ப்பனவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் யான் கற்பித்த ஒரு பாடசாலையிலே, பத்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் குனிந்து நிமிர்ந்தபோது அவனது சட்டைப்பையினின்றும் ஒரு பொருள் நிலத்தில் வீழ்ந்தது. எழுதுகோல் என எண்ணி அதனை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவன் முகம் வெளிறியதைக் கண்ட பின்னரே அஃது எழுதுகோலன்று என்பது புலனாயிற்று. மாம்பழ மணம் வீசிய அச்சிறு குழாய் இக்காலத்து இளைஞர் இழுத்து ஊதும் இலத்திரனியல் சிகரெட்டு என உடனாசிரியர் ஒருவர் விளக்கினார். மாலையில் அம்மாணாக்கனைத் தனியே அழைத்து வினவினேன். அவன் அஞ்சினானாயினும் வாய்மூடி நின்றானல்லன். “சேர், இது புகை இல்லை; ஆவி மட்டுந்தான். உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் சாப்பாட்டிலை போடுற சாமான்தான்” என்றான்.

யான் வெளிவாரி மாணாக்கனாய்க் கற்றுக் கலைப்பட்டம் பெற்றவன். ஆசிரியர் பற்றாக்குறையினாற் சுகாதாரப் பாடமும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவனுடைய கூற்றுக்கு அன்று என்னிடத்தில் மறுமொழி இருக்கவில்லை. “தீயது, விட்டுவிடு” என்றேன். அஃது ஆசிரியனது அதிகாரம் கூறிய விடையேயன்றி அறிவு கூறிய விடையன்று. மேலும் அவன் சொல்லியது முழுப் பொய்யுமன்று. அக்குழாய்களில் இடப்படும் திரவத்தின் பெரும்பகுதியான புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரோலும் உணவுப் பண்டங்களிலும் மருந்துகளிலும் சேர்க்கப்படுவனவே. அதன் மணத்துக்குரிய பொருள்களோ இனிப்புப் பண்டங்களிலும் பாற்கட்டிகளிலும் உள்ளன. உண்ணத் தகுவதொன்று உயிர்த்தற்குத் தகாததாதல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றேன்.

உடலினுள்ளே புறப்பொருள் புகுதற்கு இரு பெருவாயில்கள் உள. ஒன்று உணவின் வழி. மற்றையது மூச்சின் வழி. இரண்டும் தொண்டையில் அண்மித்து நிற்பினும் அவற்றின் காவல் முறைகள் பெரிதும் வேறுபட்டவை.

உணவின் வழியிலே காவலர் பலர். நாக்குச் சுவை பார்த்து வேண்டாததை உமிழ்கின்றது. அதனைத் தப்பிச் சென்றதை இரைப்பை தன் அமிலத்தால் தாக்குகின்றது. ஒவ்வாதாயின் வாந்தியாக வெளியேற்றுகின்றது. சிறுகுடலிலே நொதியங்கள் பெருமூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. குடலின் சுவரைக் கடந்து குருதியிற் கலந்தவையும் நேரே உடலெங்கும் பரவுவதில்லை. அக்குருதி முதலில் ஈரலினூடாகச் செல்லல் வேண்டும். நஞ்சுகள் பலவற்றை அவ்வுறுப்பே மாற்றியமைத்து வலிமை குன்றச் செய்கின்றது. ஒரு கவளம் சோறு உடலின் பகுதியாக மாறுவதன் முன்னர் இத்தனை சோதனைகளுக்கு உட்படுகின்றது.

மூச்சின் வழியோ வேறு வகையினது. ஓய்ந்திருக்கும் ஒருவர் ஒரு நாளில் இருபதினாயிரம் முறைக்கு மேல் மூச்சு வாங்குகின்றார். ஏறத்தாழப் பத்தாயிரம் இலீற்றர் காற்று உட்சென்று மீள்கின்றது. மூக்கின் மயிர்களும் சீதமும் பெரிய தூசுகளைத் தடுக்கின்றன. வாதனாளியினதும் அதன் கிளைகளினதும் உட்சுவரிலே பிசிர்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள. அவை ஓயாது அசைந்து, தூசு ஒட்டிய சீதத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. ஆயின் இக்காவல் வழியின் இறுதிவரை தொடர்வதில்லை. கிளைகள் மேன்மேலும் பிரிந்து, முப்பது கோடிக்குக் குறையாத காற்றுச் சிற்றறைகளில் முடிகின்றன. அங்கே பிசிரில்லை. சிற்றறைகளின் பரப்பையெல்லாம் விரிப்பின் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும் என்பர்; நம் தோலின் பரப்போ இரண்டு சதுர மீற்றரளவே. சிற்றறையின் காற்றையும் அதனைச் சூழ்ந்த குருதியையும் பிரிக்கும் சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியது. ஒட்சிசன் இமைப்பொழுதிற் கடத்தற்கு அத்துணை மென்மை வேண்டும். ஒட்சிசனுக்கெனத் திறந்த கதவின் வழியே பிறவும் நுழைதல் அதன் தவிர்க்கவியலாத விளைவு. அவ்வாறு நுழைந்தது ஈரலுக்குச் செல்வதில்லை. இதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து அங்கிருந்து மூளைக்கும் பிற உறுப்புக்களுக்கும் உடனே செல்கின்றது. இழுக்கப்பட்ட நிக்கொற்றின் பத்து இருபது வினாடிகளுள் மூளையை எட்டுவது இதனாலேயே.

சிற்றறைகளைப் பற்றி மேலும் ஒன்று கூறல் வேண்டும். பின்னர் வருவதற்கு அது தேவைப்படும். நீர்க்குமிழி தன் பரப்பிழுவிசையினாற் சுருங்க முயல்வது போன்று, ஈரலிப்பான சிற்றறைகளும் சுருங்கி ஒட்டிக்கொள்ளவே முயல்கின்றன. அவ்வாறு ஒட்டாதபடி அவற்றின் உட்புறத்திற் கொழுப்புச் சார்ந்த ஒரு மென்படலம் பூசப்பட்டுள்ளது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இப்படலம் போதாமையே காரணம் என்பதை மேரி எலன் ஏவரி, ஜியர் மீட் என்னும் இருவரும் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண்ணுக்குப் புலனாகாத ஓர் எண்ணெய்ப் பூச்சிலே மனிதரின் மூச்சு தங்கியுள்ளது என்பது யான் கற்ற காலத்தில் எவரும் எனக்குச் சொல்லாத செய்தி.

இருமல் மூச்சின் வழிக்குரிய தலைமைக் காவலாளி. நீரில் எளிதிற் கரையும் வாயுக்களான அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலியன மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்திற் கரைந்து உடனே எரிச்சலை உண்டாக்குகின்றன. மனிதர் இருமிக்கொண்டு அவ்விடத்தை விட்டு ஓடுகின்றனர், பெரும்பாலும் தப்பிவிடுகின்றனர். எளிதிற் கரையாத வாயுக்களே பெரிதும் அஞ்சத்தக்கன. அவை மேற்பகுதியில் எச்சரிக்கை யாதும் தராது ஆழத்திற்குச் சென்றுவிடுகின்றன. முதலாம் உலகப் போரில், 1915 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பெல்சிய நாட்டின் ஈப்பர் நகருக்கு அண்மையிலே செருமானியப் படையினர் குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டனர். பசுமஞ்சள் நிறத்தாலும் கடுநெடியாலும் அது தன் வருகையைத் தானே அறிவித்தது. அதே ஆண்டு திசெம்பரில் அவர்கள் பயன்படுத்திய பொசுஜீன் என்னும் வாயுவோ அவ்வாறு அறிவிக்கவில்லை. அதனை உயிர்த்த வீரர் சில மணிநேரம் நலமாகவே நடமாடிப் பின்னர்ச் சுவாசப்பையில் நீர் நிறைந்து வீழ்ந்தனர். எரிச்சல் தராமையால் ஒன்று தீங்கற்றதெனக் கொள்ளல் எத்துணைத் தவறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

உண்ணத் தகுவது உயிர்த்தற்குத் தகாது என்பதை மெய்ப்பித்த நிகழ்ச்சியொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிசூரி மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கு ஜாஸ்பர் என்னும் சிற்றூரில், நுண்ணலை அடுப்பில் வைத்துப் பொரித்தற்குரிய சோளத்தைப் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. சூடாக்கிய சோயா எண்ணெயோடு உப்பும் நிறமும் வெண்ணெய் மணமூட்டியும் பெருந்தாழிகளிற் கலக்கப்பட்டன. மணமூட்டியைக் கலப்போர் தாழியின் மூடியைத் திறந்து ஊற்றுவர்; வெண்ணெய் மணம் ஆவியாய் எழுந்து முகத்திற் படும். இன்மணந்தானே, எவரும் அஞ்சவில்லை.

2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் மருத்துவர் ஒருவர் அம்மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஒரு செய்தியை அறிவித்தார். அத்தொழிற்சாலையில் முன்னர் வேலைசெய்த எண்மர், மிக அரிதாகவே காணப்படும் ஒரே நோயினால் வருந்தினர். சுவாசப்பையின் மிகச் சிறிய குழாய்கள் வடுப்பட்டுச் சுருங்கி அடைபடுவதே அந்நோய். அடைபட்டவை மீண்டும் திறப்பதில்லை. இருமலும் இளைப்பும் மெல்ல மெல்லத் தொடங்கியமையால் தொய்வு எனவும் புகைத்தலால் வந்த நோய் எனவும் பிறழக் கருதப்பட்டவர் அவருள் இருந்தனர். வேலையை விட்ட பின்னரும் மூச்சுத் திரும்பவில்லை. சிலருடைய பெயர்கள் மாற்றுச் சுவாசப்பைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெற்றன. இவர்கள் முதியவர்களல்லர், உழைத்துண்ணும் வயதினர்.

தொழில்சார் சுகாதாரத்துக்கான அந்நாட்டின் தேசிய நிறுவனம் ஆய்வில் இறங்கிற்று. அப்பொழுது அங்கு வேலைசெய்துகொண்டிருந்த 117 பேர் சோதிக்கப்பட்டனர். மூச்சுக்குழாய் அடைப்பு, எதிர்பார்க்கத்தக்க அளவினும் மூன்று மடங்குக்கு மேலாக அவரிடையே காணப்பட்டது. இவ்வாய்வின் முடிவு 2002 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனுள் என்னை நிறுத்தி வைத்த எண் வேறொன்று. ஒருபோதும் புகைத்தறியாத தொழிலாளரை மட்டும் எடுத்து நோக்கியபோது அவ்விகிதம் பத்து மடங்கைக் கடந்தது. சிகரெட்டைத் தொடாதவரே தம் சுவாசப்பையை வெண்ணெய் மணத்துக்கு இழந்திருந்தனர்.

அம்மணத்துக்குரிய பொருள்களுள் முதன்மையானது டையசற்றைல். இயற்கை வெண்ணெயிலும் சிறிதளவு உள்ள பொருளே இது. உணவிற் சேர்த்தற்குப் பாதுகாப்பானது என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அதனை ஏற்றுக்கொண்டிருந்தது. அவ்வேற்பிலே பொய்யில்லை, உண்டவர்களுக்கு அது தீங்கு செய்யவில்லை. அதன் ஆவியை நாள்தோறும் உயிர்த்தவர்களின் மூச்சுக்குழாய்களின் உட்படையையே அது சிதைத்தது. ஒரே பொருள், ஒரே தொழிற்சாலை. பொரியைத் தின்றவருக்கு ஒரு விதி, பொதிசெய்தவருக்கு வேறு விதி. இதன் பயனாகச் சுவையூட்டி உற்பத்தியாளரின் அமெரிக்கச் சங்கமே, தாம் பாதுகாப்பானவை எனக் கூறுவது உண்பதைக் குறித்தேயன்றி உயிர்ப்பதைக் குறித்தன்று எனப் பின்னர் அறிவிக்கலாயிற்று. என் மாணாக்கன் தன் துணைக்கு அழைத்த “சாப்பாட்டுச் சாமான்” என்னும் வாதத்தை அச்சாமான்களைச் செய்வோரே கைவிட்டிருந்தனர்.

இனி அக்குழாயினுள்ளே நிகழ்வதை நோக்குவாம். இன்று வழங்கும் இலத்திரனியல் சிகரெட்டை 2003 ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்னும் சீன மருந்தாளர். தந்தையாரைச் சுவாசப்பைப் புற்றுநோய்க்கு இழந்தவர், தாமும் புகைபிடிப்பவர். சிகரெட்டிலிருந்து மீளும் வழியாகவே அவர் அதனைக் கண்டார். மின்கலம் ஒன்று ஒரு சிறு உலோகச் சுருளைச் சூடாக்குகின்றது. சுருளைச் சூழ்ந்த திரி திரவத்தை உறிஞ்சி நிற்கின்றது. சூட்டினால் எழுவது குளிர்ந்து நுண்துளிகளாகின்றது. ஆகவே அதனை ஆவி என்றல் பொருந்தாது. நீராவியோடு அதற்குள்ள உறவு தோற்றத்தளவினதே. அது திரவத்தின் மிக நுண்ணிய துளிகள் மிதக்கும் மூடுபனி. அத்துளிகள் மூக்கிலும் வாதனாளியிலும் தங்காது சிற்றறைகள்வரை செல்லத்தக்க சிறுமையுடையன.

சூட்டினாற் பொருள்கள் மாறுகின்றன என்பதையும் மறத்தலாகாது. அடுப்பில் எண்ணெயைக் கருகவிட்டவர் அதன் புகையின் கடுமையை அறிவர். அதிலுள்ள அக்குரோலீன் கிளிசரோல் சிதைவதாலும் தோன்றுவது. குழாயின் சுருள் மிகச் சூடேறும்போதும் திரி வரளும்போதும் போமல்டிகைட்டு, அசற்றல்டிகைட்டு, அக்குரோலீன் ஆகியவை பிறக்கின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் முதலிய உலோகங்களும் துளிகளோடு கலப்பதை ஆய்வாளர் அளந்துள்ளனர். மணமூட்டிகளைப் பொறுத்தவரை, ஹாவாட் பல்கலைக்கழகத்தார் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே சோதிக்கப்பட்ட 51 மணங்களில் 39 இல் டையசற்றைல் காணப்பட்டது. ஜாஸ்பரில் நேர்ந்தது குழாயை இழுப்போர்க்கும் நேர்ந்துவிட்டது என்று இதனாற் கூறிவிடல் நேர்மையாகாது. டையசற்றைல் சிகரெட்டுப் புகையிலும் உண்டு, அதுவும் மிகுதியாக. யான் கூறுவது இத்துணையே: ஒரு தொழிற்சாலையிற் காற்றாடியும் முகக்கவசமும் வைத்து விலக்கப்படும் பொருளைப் பள்ளிச் சிறுவர் விலைகொடுத்து வாங்கி நேரே உள்ளிழுக்கின்றனர்.

மேற்கூறிய இருமல் என்னும் காவலாளியை இக்கருவி ஏமாற்றும் வகையும் கருதத்தக்கது. நிக்கொற்றின் தன்னியல்பில் மூலத்தன்மை உடையது; மிகுதியாக இழுப்பின் தொண்டையைச் சுடும். பழகாதவர் இருமி விலகுவர். அதனோடு பென்சோயிக்கமிலம் போன்றதொன்றைச் சேர்த்து உப்பாக்கிவிடின் அச்சூடு தணிகின்றது; மிகுதியான நிக்கொற்றினும் மென்மையாய் உட்செல்கின்றது. பழமணமும் குளிர்ச்சியூட்டும் பொருள்களும் மிகுதி வேலையைச் செய்கின்றன. என் பாட்டனார் புகையிலைச் செய்கைக்காரர். அவருடைய சுருட்டை ஒருநாள் களவாக இழுத்துப் பார்த்த யான் அரைமணி நேரம் கிணற்றடியில் இருமிக்கொண்டிருந்தேன். அதன் பின்னர் அதனைத் தொட்டதில்லை. மாம்பழக் குழாயை இழுக்கும் சிறுவனுக்கு அவ்வுதவி கிட்டுவதில்லை.

2019 ஆம் ஆண்டின் கோடையிலே, அமெரிக்காவின் விஸ்கொன்சின், இலினோய் மாநிலங்களில் நல்லுடல் வாய்த்த இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரலாயினர். இருமல், காய்ச்சல், வாந்தி, வயிற்றுநோவு ஆகியன கண்ட மருத்துவர் முதலிற் கிருமியையே ஐயுற்றனர். கிருமி யாதும் அகப்படவில்லை. மருந்துகள் பயனளிக்காத சிலரைச் செயற்கைச் சுவாசப்பொறியில் இட வேண்டியதாயிற்று. நோயாளர் அனைவரிடத்தும் பொதுவாய் இருந்தது ஒன்றே. யாவரும் அண்மையில் இக்குழாய்களை இழுத்தவர்கள். செத்தெம்பரில் நோய் உச்சத்தை அடைந்தது. 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆந் திகதிவரை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டோரும் இறந்தோருமாக 2,807 பேர் பதிவாகினர். அவருள் இறப்பு உறுதியாக்கப்பட்டோர் 68 பேர். நோயாளருள் நூற்றுக்குப் பதினைவர் பதினெட்டு வயதை எட்டாதவர்.

காரணத்தைக் கண்டறிந்த வழி துப்பறியும் கதையை ஒத்தது. நோயாளரின் சுவாசப்பையினுள் நீர்மம் செலுத்தி மீள எடுத்து ஆராய்ந்தனர். 51 நோயாளரில் 48 பேரின் நீர்மத்தில் விற்றமின் ஈ அசற்றேற்று என்னும் பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்காகச் சோதித்த நலமுடையோர் 99 பேரில் ஒருவரிடத்திலேனும் அது காணப்படவில்லை. இப்பொருள் நஞ்சா? விற்றமின் மாத்திரைகளிலும் தோலிற் பூசும் களிம்புகளிலும் உள்ளது; விழுங்குவோருக்கும் பூசுவோருக்கும் பொதுவில் தீங்கு செய்வதில்லை. நோயுற்றோரிற் பெரும்பாலார் கஞ்சாவின் போதைச்சத்து அடங்கிய திரவத்தை நண்பரிடமோ களவாக விற்போரிடமோ பெற்று இழுத்திருந்தனர். அச்சத்து விலைமிக்க தடித்த எண்ணெய். வாங்குவோர் அதன் தடிப்பைக் கண்டே தரத்தை மதித்தனர். பாலில் நீர் கலப்பவன் அதன் நீர்த்தன்மையால் அகப்படுவான். இவர்களோ நிறத்திலும் தடிப்பிலும் மூலப்பொருளை ஒத்த விற்றமின் ஈ அசற்றேற்றைக் கலந்தமையால் அகப்படவில்லை. சிற்றறைகளின் மென்படலத்தோடு இவ்வெண்ணெய் கலந்து அதன் இயல்பைக் கெடுத்திருக்கலாம் என்பதும், சூட்டினாற் சிதைந்து நச்சுவாயுவைத் தந்திருக்கலாம் என்பதும் ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்கள். நோயாளருள் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தாம் இழுத்தது நிக்கொற்றின் மட்டுமே என்றனர். ஆதலின் பிற பொருள்களும் காரணமாதல் கூடும் என்பதை அதிகாரிகள் விலக்கிவிடவில்லை.

எண்ணெயும் சுவாசப்பையும் பகைப்பன என்பது தமிழ்த் தாய்மாருக்கு ஒருவாறு தொடர்புடைய செய்தி. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு துளி எண்ணெய் விட்டு ஊதும் வழக்கம் நம்மவரிடையே இருந்தது. இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. அவ்வெண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கி ஒருவகை நியூமோனியாவை விளைத்தமை தென்னிந்தியக் குழந்தைகளிடத்துக் கண்டறியப்பட்டு மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. அதே எண்ணெய் வயிற்றுக்குச் சென்றிருப்பின் சமித்திருக்கும்.

இங்கே எதிர்வாதத்துக்கும் இடமளித்தல் முறை. எரியும் சிகரெட்டின் புகையிலே ஆயிரக்கணக்கான பொருள்கள் உள. காபனோரொட்சைட்டும் தாரும் அவற்றுட் சில. திரவக் குழாயிலே எரிதல் நிகழாமையால் அவற்றிற் பல இல்லை, அல்லது மிகக் குறைவு. நெடுநாள் சிகரெட்டுப் பிடித்த ஒருவர் அதனை அறவே விட்டு இதற்கு மாறினால் அவர் உயிர்க்கும் நஞ்சின் அளவு குறையும் என்பதை ஏற்கலாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் இதன் தீங்கு சிகரெட்டினதிலும் 95 சதவீதம் குறைவு என்று கூட மதிப்பிட்டது. அவ்வெண்ணின் அடிப்படை போதாது என மருத்துவ அறிஞர் பலர் கண்டித்தனர். ஆனால் ஒப்பீடு யாருக்கு என்பதே வினா. என் மாணாக்கன் சிகரெட்டிலிருந்து மாறியவனல்லன், நற்காற்றிலிருந்து மாறியவன். அவனுக்கு ஒப்பீடு சிகரெட்டோடன்று, மாமர நிழலோடு. அவனுடைய மூளையோ இருபத்தைந்து வயதளவும் வளர்ச்சி முற்றாதது. அப்பருவத்தில் நிக்கொற்றினுக்கு அடிமையாதல் எளிது, கவனத்தையும் கற்றலையும் அது பாதிக்கின்றது.

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிகரெட்டைச் சுற்றும் பொறி 1880 களில் வந்தது. சிகரெட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள உறவை டொல், ஹில் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துக்காட்டியது 1950 இல். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அதனை அறிக்கையாக வெளியிட்டது 1964 இல். அதற்கிடையில் மருத்துவர்களே விளம்பரங்களிற் சிகரெட்டைப் புகழும் காலமும் கடந்து சென்றது. இக்குழாய்கள் பரவத்தொடங்கி இன்னும் இருபது ஆண்டுகளே ஆகின்றன.

குழாயை மட்டும் கண்டித்துவிட்டு வீட்டின் பிற புகைகளை விட்டுவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. எல்லாக் கதவையும் சாத்தி நுளம்புச்சுருளைக் கொளுத்தி உறங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுக்கள் அளவான நுண்துகள்களை வெளியிடும் என 2003 ஆம் ஆண்டின் ஆய்வொன்று அளந்துள்ளது. 2022 இல் எரிவாயு கிடையாத மாதங்களில் விறகடுப்புக்கு மீண்ட வீடுகள் பல. புகைபோக்கியற்ற குசினியில் வேகும் பெண்களின் இருமலை எவரும் புகைப்பழக்கம் என்று கூறுவதில்லை. வீட்டினுள் எரிபொருளால் எழும் காற்றுமாசு 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் உயிர்களைப் பலிகொண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கழிவறையைத் தூய்மையாக்கும்போது வெளிற்றும் தூளையும் அமிலத்தையும் ஒருங்கே கொட்டுவோரும் உளர். அவ்வாறு கொட்டினால் எழுவது ஈப்பரில் எழுந்த அதே குளோரீனே. கண்ணெரிந்து இருமல் தொடங்கின் மூச்சை அடக்கி வெளியேறிக் காற்றோட்டமான இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே திரும்பிச் சென்று கழுவ முயல்தல் கூடாது. இளைப்பு நீங்காதாயின் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இலங்கையிலே 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்றல் குற்றம். 2016 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுக்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. களவாக வருவது எதுவோ அதனுள்ளே என்ன கலந்துள்ளது என்பதைச் சோதிப்பாரும் இலர். 2019 இல் அமெரிக்கச் சிறுவர் வாங்கிய குழாய்களும் அத்தகையனவே.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பின்னர் அம்மாணாக்கனை மீண்டும் அழைத்தேன். ஜாஸ்பர் தொழிலாளரின் கதையை முழுவதும் சொன்னேன். அவன் இடைமறிக்கவில்லை. முடிவில், “அப்ப சேர், என்ரை குழாய்க்குள்ளை என்ன இருந்தது?” என்று கேட்டான். மேசை இழுப்பறையினின்றும் அதனை எடுத்து இருவருமாய்ப் பார்த்தோம். உள்ளடங்கிய பொருள்களின் பட்டியல் எதுவும் இருக்கவில்லை. ஒரு பக்கத்தில் எம்மிருவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில் இரண்டு வரிகள். மறுபக்கத்தில் ஒரு மாம்பழத்தின் படம்.